முருகன்பூண்டிப் புகார்

அவிநாசிச் சாலையில் திருப்பூரை ஒட்டியிருக்கும் திருமுருகன்பூண்டியில் சுந்தரர் பாடிய தேவாரப் பதிகத்தை ஒரு வழிப்பறிப் புகார் என்றே சொல்லலாம். சேரமான் பெருமாளிடம் விடைபெற்றுப் பொன்னும் பொருளுமாகத் திரும்பியவரைச் சிவபூதங்களே வேடர் உருவில் மறித்துக் கொள்ளையடித்தன என்கிறது பெரியபுராணம். பதிகத்தில் ஆறுதல் தேடும் குரல் இல்லை. வழிப்போக்கரைக் குத்தி உடுத்த துணியையும் உருவிக்கொள்ளும் வேடர் நடமாடுகிற ஊரில் உமக்கு என்ன வேலை, எதற்காக இங்கே குடியிருக்கிறீர் என்று கடவுளையே நிறுத்திக் கேட்கிறார் சுந்தரர். பாடி முடித்ததும் பறிபோனதெல்லாம் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்ததாம். அந்த அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். பொருள் திரும்பி வருவதற்கு முன்பே, பாடும்போதே, அந்த மனத்துக்குள் ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும். டென்ஷன் குறைய கவிதை படியுங்கள் என்று இன்று வார இதழ் தோறும் வரும் அறிவுரை, அந்த ‘ஏதோ ஒன்றை’த் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். கவிதை நம்மை அமைதிப்படுத்துவதால் பாரம் குறைவதில்லை. பாரத்தை ஒவ்வொன்றாக எடுத்து, கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்போடு சொல்ல வைப்பதால் குறைகிறது.

அறிவுரைக்காரர்களிடம் ஆய்வுகள் இருக்கின்றன, அவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஆறு நிமிட வாசிப்பு மன அழுத்தத்தை 68 சதவீதம் குறைக்கும் என்று 2009-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த செய்தியை மட்டும் ஓரமாக வைக்கலாம். அது பரவிய அளவுக்கு ஆய்விதழில் விரிவான ஆதாரத்தோடு வந்ததில்லை. அதைவிடக் கனமானது 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இத்தாலிய ஆய்வு. லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை லத்தீன் மொழி ஜெபமாலையையும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது, இதயத்தின் ஓட்டம் அதற்கு இசைந்தது. 2004-இல் ஜெர்மன் மொழியில் ஹோமரின் நீண்ட அடிகளை ஓதச் சொல்லிப் பார்த்த இன்னொரு குழுவும் இதயமும் மூச்சும் ஒத்துப்போவதைக் கண்டது. சரி, மூச்சுதான் விஷயம் என்றால் பொருளற்ற அசைகளை அதே வேகத்தில் முணுமுணுத்தாலும் போதுமே; பதிகம் எதற்கு, பாட்டு எதற்கு? அது மட்டுமில்லை, இந்தப் பக்கத்தில் மிக அதிகமாக ஓதப்படும் பாட்டு மெதுவாக மூச்சு விட இடமே தருவதில்லை.

கந்த சஷ்டி கவசத்தைச் சொல்கிறேன். தேவராய சுவாமிகள் 19ஆம் நூற்றாண்டில் பாடியது. திருப்பூருக்குக் கிழக்கே, தறிக்குப் பேர்போன சென்னிமலையில் அரங்கேறியதாக மரபு. சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் விடியற்காலைத் தெருக்களில் அது ஓடும் வேகம் எல்லோருக்கும் தெரியும். அதில் பெரும்பகுதி ஒரு பட்டியல். நெற்றி, கண், செவி, நாசி, பல், கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, முழங்கால், விரல் என்று உடம்பை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி வேலிடம் ஒப்படைக்கிறது. பிறகு அஞ்ச வேண்டியவற்றின் பட்டியல் வருகிறது: பேய், பகை, விலங்கு, விஷக்கடி, நோய். பனியன் கம்பெனியின் பவர் டேபிளில், தையல் இயந்திரத்தின் முன், ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்து எழுந்த ஒருவருக்குக் கழுத்து, தோள், இடுப்பு, கெண்டைக்கால் என்பவை வெறும் சொற்களாக இருக்க முடியாது. அன்றைக்கு எங்கெங்கே வலித்ததோ அங்கெல்லாம் பாட்டு போய் நிற்கிறது. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று பொதுவாகத் தட்டிக்கொடுக்காமல் எது எது சரியில்லை என்று எண்ணிக் காட்டுகிறது. எண்ணிவிட்ட பயத்துக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது. எண்ணாத பயம் இருட்டில் நிற்கும் மாடு மாதிரி, எவ்வளவு பெரிது என்றே தெரியாது.

தமிழ் இலக்கணமும் இந்தக் கட்சிதான். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. எட்டில் அமைதிக்கு இடமில்லை. வடமொழி மரபில் பின்னால் ஒன்பதாவதாகச் சாந்தம் சேர்ந்து, அபிநவகுப்தர் கையில் பெரும் தத்துவமாக வளர்ந்தது வேறு கதை. அழுகை எதனால் வரும் என்பதற்குத் தொல்காப்பியர் தரும் நான்கு காரணங்களில் வறுமை ஒன்று. வெகுளியின் காரணங்களில் உறுப்பை அறுப்பது ஒன்று. கவிதையின் வேலை இவற்றை உடம்பில் தோன்றும் அளவுக்குத் தெளிவாக்குவது என்று நினைத்த மரபில் வந்துவிட்டு, அதை ஒரு தலைவலி மாத்திரையின் அளவுக்குச் சுருக்குவது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பக்தியின் பக்கமிருந்து ஒரு மறுப்பு வரலாம்: இறைவனைப் பாடுவது பாடுவதற்காகவே, டென்ஷனுக்கு மருந்தாகப் பதிகத்தைப் பயன்படுத்துவது அதைத் தாழ்த்துவது ஆகாதா? மரபு இவ்வளவு தொட்டால்சுருங்கியாக இருந்ததில்லை. சம்பந்தர் கொங்கு நாட்டுக்கு வந்து திருச்செங்கோட்டில் தங்கியபோது உடன்வந்த அடியார்களைப் பனிக்காலச் சுரம் பிடித்தது. அது தீர அவர் பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம் என்கிறது பெரியபுராணம். மதுரையில் பாண்டியனின் வெப்பு நோய்க்குத் திருநீற்றுப் பதிகம். உடம்பின் அவசரத்துக்குப் பாட்டை அழைப்பதில் அவர்களுக்கு வெட்கம் இருக்கவில்லை. ஆனால் நோயின் பெயரையும் வினையின் பெயரையும் சொல்லித்தான் அழைத்தார்கள். பயன்படுத்துவதால் கவிதை தாழ்ந்துவிடாது. வாயை மூடப் பயன்படுத்தினால்தான் தாழும்.

அந்த இடத்தில்தான் தொழிற்சங்கத்துக்காரரின் மறுப்பு கூர்மையாகக் குத்துகிறது. பனியன் தொழிலாளியின் மன அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பது மர்மமில்லை. பீஸ் ரேட், ஷிப்மென்ட் தேதி, செக்கிங்கில் டேமேஜ் என்று திரும்பி வரும் கட்டு, சனிக்கிழமைச் சம்பளம் திங்கட்கிழமைக்குள் கரைவது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கி ஆர்டர்கள் நின்றபோதும் முதலில் வேலை நாள் குறைந்தது கடைசி மேஜையில் இருப்பவருக்குத்தான். இவருக்குத் தேவை கூலி, கவிதை இல்லை. கவிதை அபினாகத்தான் முடியும் என்கிறது மறுப்பு. கூலி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அபின் என்பதைத்தான் வரலாறு ஒப்புக்கொள்ள மறுக்கிறது. ஹவானாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல், தொழிலாளர்கள் சுருட்டிக்கொண்டிருக்க ஒருவர் மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்க வாசித்தார். அடுத்த ஆண்டே ஸ்பானிய அரசு அதைத் தடை செய்தது. ஃபுளோரிடாவின் டாம்பாவில் 1931-இல் ஆலை முதலாளிகள் வாசகரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் ரேடியோவை வைத்தார்கள். ஆளை மயக்கும் சரக்கை எந்த முதலாளியாவது தடுப்பாரா? கண்ணூரின் பீடித் தொழிலாளர்களும் சுற்றிக்கொண்டே வாசிக்கக் கேட்டவர்கள்தான். அந்த ஊரின் சங்கங்கள் எவ்வளவு வலுவானவை என்று சொல்லத் தேவையில்லை. திருப்பூரிலேயே 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய இயக்கத்தின் வழிவந்தவர்கள்தாம் ஊரின் புத்தகத் திருவிழாவை வளர்த்ததில் முன்னால் நின்றார்கள். நொய்யலில் ஓடிய சாய நீரைச் சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’ நாவலாக எழுதியது 1990களின் கடைசியில், பட்டறைகள் மூடப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்னால். ஊரின் புகார் கோர்ட்டில் தீர்ப்பாவதற்கு முன்பே கதையாகி வாசகர் கைக்கு வந்துவிட்டது.

நேரம் எங்கே என்ற கேள்விக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாவலுக்கு நேரம் வேண்டும், பாட்டுக்கு டீ டைம் போதும், மனப்பாடமான பாட்டுக்கு அதுவும் வேண்டாம். மொழிதான் கடினமான கேள்வி. இன்றைய கம்பெனிகளில் கணிசமானவர்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குச் சுந்தரரும் தெரியாது, கவசமும் தெரியாது. ஆனால் வெறுங்கையோடு வந்தவர்கள் இல்லை. ஒடிசாவின் கிராமங்களில் ஜகந்நாத தாசரின் 16ஆம் நூற்றாண்டு ஒடியா பாகவதத்தைக் கூடி உட்கார்ந்து வாசிப்பதற்கென்றே பாகவத டுங்கி என்ற கொட்டகை உண்டு. பத்துப் பேர் தங்கும் ரூமில் அந்தப் பாட்டு அவரவர் செல்போனில், அவரவர் இயர்போனில் தனித்தனியாக ஓடுகிறது. இந்த ஊரில் இழந்தது பாட்டை இல்லை, கூடிக் கேட்பதை. புகார் என்பது யாரோ கேட்டால்தான் புகார். தனியே காதுக்குள் ஓடுவது பாதி வேலையைத்தான் செய்யும்.

பாதி வேலைகூடச் செய்யாத நிலைமையும் உண்டு. தூக்கமே வராமல், சோறு இறங்காமல், சாகலாம் என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வருகிறவரிடம் பதிகம் படி என்று சொல்வது குற்றத்துக்குச் சமம். அவருக்கு வேண்டியது மருத்துவர். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் டெலி மானஸ் எண் 14416 கட்டணமில்லாமல் தமிழிலும் இந்தியிலும் கிடைக்கிறது. கவிதையின் எல்லை அன்றாடப் பாரம் வரைக்கும்தான்.

அந்த எல்லைக்குள் யாருடைய புகார், யார் தேர்ந்த பாட்டு என்பதுதான் முக்கியம். ஹவானாவில் வாசகருக்குச் சம்பளம் கொடுத்தது ஆலை இல்லை. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து வாரா வாரம் கொடுத்தார்கள். அதனால் எந்தப் புத்தகம் என்பதையும் அவர்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்தார்கள். ஓய்வறைச் சுவரில் நிர்வாகம் ஒட்டுகிற நல்வாக்கியங்களுக்கும் அதற்கும் உள்ள தூரம் பெரிது. திருப்பூரில் ஓவர்லாக் வரிசையின் சத்தத்தில் யாரும் எதையும் வாசித்துக் காட்ட முடியாது. செக்கிங், பேக்கிங் மேஜைகளில் முடியும்: கண்ணுக்கும் கைக்கும் வேலை இருந்தாலும் அங்கே காது சும்மாதான் இருக்கிறது. இன்றைக்கு அந்தக் காதுகளுக்கு எந்தப் பாட்டு போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஸ்பீக்கரின் சுவிட்ச் யார் பக்கத்தில் இருக்கிறதோ அவர்தான் முடிவு செய்கிறார்.