சிரிப்பது போன்ற முகம்

காரைக்குடியில் எங்கள் தெருவின் கோடியில் இருக்கும் பெரிய வீட்டில் ஆச்சி ஒருவர் தனியே வாழ்கிறார். முகப்பில் நுழைந்து கட்டு கட்டாகக் கடந்து பின்வாசலுக்குப் போனால் அடுத்த தெருவில் நிற்போம். அவ்வளவு நீண்ட வீடு. திருமணத்துக்கும் படைப்புக்கும் பங்காளிகள் கூடும்போது கதவுகள் திறக்கும். அவர்கள் புறப்பட்டதும் அறைகள் மறுபடி பூட்டப்படும். இரண்டாம் கட்டில் ஓர் அறை மட்டும் பூட்டப்படாமல் இருந்தது. அங்கே ஆச்சியின் பேரன் சென்னையிலிருந்து வாங்கி வந்த ஒரு கண்ணாடித் தொட்டியும், அதற்குள் ஓர் உயிரும் இருந்தன. பேரன் மேற்படிப்புக்காகப் பெங்களூர் போய் ஓராண்டு ஆகிவிட்டது.

மாசி மாதத்தில் ஒரு நாள் ஆச்சி எனக்குச் சொல்லி அனுப்பினார். பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், தெருவில் எந்தப் பிராணிக்கு நோய் வந்தாலும் என்னைத்தான் தேடுவார்கள். "தம்பி வச்சிட்டுப் போன மீனுக்கு என்னமோ பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கு சார். வந்து பாருங்க" என்றார்.

அது மீன் அன்று. மெக்சிகோ நாட்டு நீர்ப்பிராணியான ஆக்சலாட்டல். தவளைக்கு உறவான சாலமாண்டர் இனம். நான்கு கால்கள், துடுப்புப் போன்ற வால், தலையின் இரு புறமும் மும்மூன்றாக இறகு போல் விரியும் செவுள்கள். தலைப்பிரட்டை வளர்ந்து தவளையாகித் தரையேறுவது நாம் அறிந்தது. இதுவோ வளர்ந்து இனப்பெருக்கம் செய்யும் வயதை எட்டிய பிறகும் செவுள்களை விடாமல் ஆயுள் முழுவதும் நீரிலேயே கழிக்கும். நல்ல பராமரிப்பில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழும். வெட்டுண்ட கால் மறுபடி முளைக்கும் என்பதால் அறிவியலார் இதைப் போற்றி வளர்க்கிறார்கள். முகம் விசித்திரமாக இருப்பதால் இளைஞர்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

அந்த முகத்தைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். அதன் வாய் இரு ஓரங்களிலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். பார்ப்பவருக்கு அது எப்போதும் புன்னகைப்பது போலத் தோன்றும். செவுள் நுனிகளில் வெண்பஞ்சு படர்ந்து, உடல் மெலிந்து, தொட்டியின் மூலையில் அது ஒடுங்கிக் கிடந்த அன்றும் புன்னகை குறையவில்லை. "நல்லாத்தான் சிரிச்சிக்கிட்டு இருந்துச்சு" என்றார் ஆச்சி. அவர் பொய் சொல்லவில்லை. வாரம் இருமுறை தவறாமல் உணவு போட்டிருக்கிறார். நீர் வற்றினால் ஒரு வாளி ஊற்றியிருக்கிறார். பேரன் சொல்லிப் போனது அவ்வளவுதான்.

இந்த உயிரின் தாயகம் மெக்சிகோ நகரை ஒட்டிய சோச்சிமில்கோ என்னும் நீர்நிலைப் பகுதி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். நம் கொடைக்கானலைவிடச் சற்று அதிகம். கொடைக்கானல் ஏரியின் குளிர்ச்சிக்குப் பழகிய ஓர் உயிரைச் சித்திரை வெயிலில் காரைக்குடிக்குக் கொண்டுவந்து கண்ணாடிக்குள் வைத்தால் என்ன ஆகுமோ, அதுவே இதற்கும் ஆயிற்று. பதினாறு முதல் பதினெட்டுப் பாகை வெப்பமே இதற்கு இதமானது. இருபத்துநான்கைத் தாண்டினால் உடல் தளரத் தொடங்கும். அன்று தொட்டியில் வெப்பமானியை இட்டபோது இருபத்தெட்டைக் காட்டியது. அது மாசி மாதம்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

1864ஆம் ஆண்டு மெக்சிகோவிலிருந்து முப்பத்துநான்கு ஆக்சலாட்டல்கள் கப்பலேறிப் பாரிசு நகரம் சேர்ந்தன. அவற்றுள் ஆறு, ஒகூஸ்த் துமேரில் என்ற விலங்கியலாரின் கைக்கு வந்தன. ஐந்து ஆண், ஒரு பெண். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளரும் ஆக்சலாட்டல்களின் குலவரலாறு பெரும்பாலும் அங்கே தொடங்குகிறது. இன்று கண்ணாடித் தொட்டிகளில் இவை எண்ணற்றுப் பெருகியிருக்க, தாயகத்தில் அழிந்துகொண்டிருக்கின்றன. சோச்சிமில்கோவில் 1998இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆறாயிரம் என்று கணக்கிட்டார்கள், 2014இல் முப்பத்தாறு. நகரத்தின் கழிவுநீரும், உணவுக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட கெண்டையும் திலேப்பியாவும் காரணம் என்கிறார்கள். ஆகவே ஆச்சியின் இரண்டாம் கட்டில் கிடந்தது, கடையில் எளிதாகக் கிடைத்தாலும், சொந்த ஊரில் ஏறக்குறைய இல்லாமற்போன ஓர் இனத்தின் உறுப்பு.

இனி நோய்க்கு வருகிறேன். அந்த வெண்பஞ்சின் பெயர் சாப்ரோலெக்னியா. பூஞ்சை என்றே வழக்கத்தில் சொல்கிறோம். உயிரியலார் இப்போது அதைப் பூஞ்சைக் குலத்தில் சேர்ப்பதில்லை, நீரில் வாழும் வேறு குலம் என்கிறார்கள். அது எங்கிருந்தோ வந்து தாக்குவதில்லை. அதன் வித்துகள் ஏறக்குறைய எல்லா நீரிலும் உண்டு. நலமான தோலின் வழவழப்பைத் தாண்டி அவை உள்ளே நுழைய முடியாது. வெப்பத்தால் தளர்ந்த உடலிலும், கழிவிலிருந்து பெருகும் அம்மோனியா அரித்த செவுளிலும் வேர் பிடிக்கும். மாற்றப்படாத நீரில், வற்ற வற்ற மேலே ஊற்றியதால் அழுக்கு மட்டும் தங்கிப்போன நீரில், அந்த உயிர் ஓராண்டாகத் தன் கழிவையே சுவாசித்திருக்கிறது. இதன் தோலும் நீரை உட்கொள்ளும் தன்மையுடையது என்பதால், நீர் கெட்டால் அதற்கு ஒதுங்க இடமே இல்லை. பஞ்சு தெரிந்தது சென்ற வாரம். நோய் தொடங்கியது பேரன் பெட்டி கட்டிய நாளில்.

மாடும் ஆடும் பார்க்கும் மருத்துவர் ஒருவர், இப்படியொன்றைத் தாம் கண்டதில்லை என்று நேர்மையாகவே சொன்னார். நம் அழகப்பா பல்கலைக்கழகத்தில் விலங்கு நலத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. மீனுக்கும் இறாலுக்கும் வரும் நோய்களை அங்கே ஆராய்கிறார்கள். மீன் வளர்க்கும் எவரும் முதலில் சொல்வது மருந்தை அன்று, நீரை. நாங்களும் அங்கிருந்துதான் தொடங்கினோம். செட்டிநாட்டு வீட்டில் அண்டாவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பித்தளையிலும் செம்பிலும் இரவெல்லாம் நின்ற நீர் செவுள் உள்ள உயிர்களுக்கு நஞ்சாகலாம். எனவே அந்த அழகான அண்டாக்களை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் வாளிகளில் குழாய்நீரைப் பிடித்து ஒரு நாள் வைத்துக் குளோரின் போகவிட்டோம். பிராணியை அகன்ற தொட்டிக்கு மாற்றி, நீர் முழுவதையும் நாள்தோறும் மாற்றினோம். உறையவைத்த தண்ணீர்ப் புட்டிகளை மாற்றி மாற்றி மிதக்கவிட்டு வெப்பத்தை இருபதுக்கு இறக்கினோம். காலையும் மாலையும் ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு தேக்கரண்டி அயோடின் சேராத கல்லுப்புக் கரைத்து, அதில் பத்து நிமிடம். அதற்கு மேல் வைத்தால் உப்பே செவுளைப் புண்ணாக்கிவிடும். வண்ணமீன்களுக்கு விற்கும் பச்சை மருந்துகள் சில இவ்வினத்தையே கொன்றுவிடும் என்பதால் அவற்றைத் தொடவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் பனிக்கட்டி அறை முழுவதும் புட்டிகள் நிறைந்தன. ஆச்சி இதற்கு இசைவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரே மணி பார்த்துப் புட்டி மாற்றினார்.

நான்காம் நாள், பாத்திரம் துலக்க வரும் அம்மாள் முற்றத்தில் நின்றபடி, கோபமில்லாத குரலில் சொன்னார்: "மூணு வாரமா இருமிக்கிட்டு இருக்கேன் ஆச்சி. என்னான்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. இதுக்கு மணிக்கொருக்க ஐஸு."

ஆச்சியும் நானும் பேசவில்லை. அந்த இருமலை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418ஆம் பத்தியில் இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைக்கிறது. விலங்குகளைத் தேவையின்றி வருத்துவது மனித மாண்புக்கு முரணானது என்பது ஒன்று. மனிதரின் துயர் துடைக்கப் போகவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்பது மற்றொன்று. முதல் செய்தியைப் பிராணி நேயர்களும், இரண்டாவதை அவர்களைக் கண்டு நகைப்பவர்களும் தனித்தனியே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அம்மாளின் சொல் கேட்டு வீடு திரும்பிய அன்று, இரண்டாவது செய்தி என்னைக் குற்றம் சாட்டுவதாகவே உணர்ந்தேன். பிறகு நிதானமாக எண்ணிப் பார்த்தேன். பனிக்கட்டிக்கும் உப்புக்கும் ஆன செலவு மிகச் சிறியது. அவருக்குச் சேர வேண்டிய எதையும் இந்தப் பிராணி பறிக்கவில்லை. பிராணி நோயுறுவதற்கு முன்பு, பனிக்கட்டி ஏதும் செலவாகாத நாட்களிலும், நாங்கள் அவரைக் கேட்டதில்லை. அவரும் நாள்தோறும் சிரித்த முகத்தோடு வந்து போனார். நலமாக இருப்பதாக நாங்களே எண்ணிக்கொண்டோம். ஓராண்டாக ஆச்சி அந்தத் தொட்டியைப் பார்த்த பார்வைக்கும் இதற்கும் அதிக வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அரசு விளம்பரம் செய்கிறது, இலவசமாகவே செய்கிறார்கள். மறுநாள் காலை ஆச்சி தாமே அந்த அம்மாளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனார். காசநோய் இல்லை, தூசியால் வந்த ஒவ்வாமை என்றார்கள். பூட்டிய அறைகளை அவ்வப்போது திறந்து ஒட்டடை அடிப்பது அவர்தான்.

மெக்சிகோவின் பாட்ஸ்குவாரோ நகரில் ஆரோக்கிய அன்னையின் பேராலயம் இருக்கிறது. நம் வேளாங்கண்ணியில் வழங்கும் அதே பெயர். அந்நகரில் தொமினிக் சபை அருள்சகோதரியர் மடம் ஒன்று உண்டு. ஆக்சலாட்டலின் நெருங்கிய உறவான அச்சோக்கே என்னும் உயிர், அவ்வூர் ஏரியில் மட்டுமே இயற்கையாக வாழ்வது. (அதன் அறிவியல் பெயரில் பாரிசு துமேரிலின் பெயர் இருக்கிறது.) அதைக் கொண்டு இருமல் மருந்து செய்து விற்பது அச்சகோதரியரின் மரபு. ஏரி கெட்டு அச்சோக்கே அருகிப்போனபோது, 1980களில், மடத்துக்குள்ளேயே அதை வளர்க்கத் தொடங்கினார்கள். அங்குள்ள பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்கியல் பூங்காவும் இன்று அவர்களோடு இணைந்து பணிபுரிகின்றன. காடும் ஏரியும் காக்கத் தவறிய ஓர் இனம் கன்னியர் மடத்துத் தொட்டிகளில் பிழைத்திருக்கிறது. தங்கள் மருந்துக்குத் தேவை என்பதால் தொடங்கிய பணிதானே என்று குறை சொல்வோர் இருக்கலாம். எனக்கு அது குறையாகப் படவில்லை. பயன் கருதி எடுத்தவர்கள், எடுத்த பொருளுக்கு ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் நீர் மாற்றியிருக்கிறார்கள். பாசத்தால் வாங்கிய எங்கள் இளைஞர் ஓராண்டுகூடத் தாங்கவில்லை.

இளைஞரை மட்டும் குறை கூறுவதும் முறையன்று. வாங்கும்போது அவருக்கு வயது பதினேழு. விற்ற கடைக்காரர் வெப்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்படியானால் பொறுப்பு யாருடையது? நல்ல சமாரியர் உவமையில், அடிபட்டவரைக் காயப்படுத்தியது சமாரியர் அல்லர். வழியில் கண்டதைத் தவிர அவருக்கு வேறு தொடர்பில்லை. எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்ததை நாம் மறப்பதில்லை. சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மிகுதியானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டதைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். உப்புநீர் வார்ப்பது எனக்குப் பன்னிரண்டு நாள் வேலையாக இருந்தது. பஞ்சு உதிர்ந்தது. செவுளின் நுனிகள் மறுபடி இறகு விடத் தொடங்கின. மண்புழுவைக் காட்டினால் விரைந்து கவ்வுகிறது. எங்களைத் திணறச் செய்த கேள்வி பதின்மூன்றாம் நாள் வந்தது: இனி என்ன?

ஊருணியில் விட்டுவிடலாமே என்றார் ஒருவர். செட்டிநாட்டார் குடிநீர் ஊருணியைக் காத்த விதம் நமக்குத் தெரியும். கால் நனைக்கவும் விடமாட்டார்கள். வேனில் ஊருணியில் இது ஒரு நாள் பிழைப்பதே அரிது. அதற்குள் நம் தவளைகளுக்குப் புதிய நோயொன்றைக் கொடுத்துவிட்டும் போகக்கூடும். மீன்தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, பெருத்ததும் ஏரியில் வீசிய 'டேங்க் கிளீனர்' மீன்கள் தமிழகத்து நீர்நிலைகளில் பெருகி மீனவரின் வலையைக் கிழிப்பதைக் கண்ட பிறகும் இவ்வாறு சொல்கிறோம். அதை விடுதலை என்று பெயரிட்டு அழைப்பது எனக்கு உடன்பாடில்லை. வருந்தாமல் சாகவிடுவது மேல் என்றார் இன்னொருவர். குணமாக வழியே இல்லாதபோது அந்தச் சொல்லுக்கு இடமுண்டு. நீர் மாற்றச் சோம்பியதால் நோயுற்ற ஒன்றுக்கு அதைச் சொல்வது நம் வசதிக்காகவே. நீரைக் குளிர்விக்கும் கருவி வாங்கலாம். பல ஆயிரம் ரூபாய் ஆகும், மின்கட்டணம் வேறு. ஆச்சி தம் பணத்தில் அதை வாங்குவதை நான் தடுத்தேன். மறைக்கல்வி நூலின் இரண்டாவது செய்தி அங்கே எனக்கு மெய்யாகவே பொருந்தியது. மலைப்பகுதியில் வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் சேர்ப்பதே சரி என்று முடிவாகி, விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்கும் ஒரு முன்வேலை இருந்தது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட உயிரினம் என்பதால், 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின்படியும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படியும் இதை வைத்திருப்பவர் அரசின் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கைமாற்றினால் அதையும் தெரிவிக்க வேண்டும். கடையில் எந்தத் தாளும் தரவில்லை. நான் ஒரு மாலை ஆச்சியின் முற்றத்தில் கைப்பேசியோடு அமர்ந்தேன். வைத்திருப்பவர் பெயர் என்ற இடத்தில் நின்று, பெங்களூரில் இருக்கும் பேரனை அழைத்தோம்.

"ஆச்சி பேர்லயே போட்டுருங்க சார். நான் இப்பப் பாக்குறதில்லையே" என்றார்.

ஆச்சி கைப்பேசியை வாங்கினார். "நீ வந்து போடு" என்றார். "சனிக்கிழமை வா. அதுவரைக்கும் நான் புட்டி மாத்துறேன்."