பரிகாரம் எது?

நிலத்தைப் பாழ்படுத்தியவர் ஒருவர். அதைத் திருத்தியவர் மற்றொருவர். ஆயின், முன்னவர் செய்த தீங்கு தீர்ந்ததாகுமா? இக்கேள்வியை நம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

கோலாலம்பூரை உண்டாக்கியது ஈயமே. 1857ஆம் ஆண்டில் கிள்ளான் ஆற்றின் வழியே சென்ற தொழிலாளர் அம்பாங்கில் சுரங்கம் வெட்டினர், நகரம் பெருகிற்று, சுற்றியிருந்த காடுகள் அழிந்தன. மண்ணை நீரால் அலசி ஈயத்தை எடுத்தபின் எஞ்சியவை சாரமற்ற மணலும் குழிகளுமே. லாகோங் மலையடியிலுள்ள கெப்போங் நிலமும் இவ்வாறே சீர்கெட்டுக் கிடந்தது. 1926இல் வனநூல் அறிஞர் பாக்ஸ்வொர்த்தி அதனைத் தேர்ந்தெடுத்தார். 1929இல் வன ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. மொட்டை நிலத்தில் நட்ட கன்றுகள் இன்று வானளாவிய சோலையாகி நிற்கின்றன. ஒன்றன் கிளை மற்றொன்றைத் தீண்டாது விலகி நிற்கும் கபூர் மரங்களை அங்கே காணலாம். 2025இல் யுனெஸ்கோ இவ்வனத்தை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது.

தீர்த்தமாடினாலும் உண்டியலில் காசிட்டாலும் செய்த தீமை தீருமென நம்புவோர் நம்மிடையே பலர். மணற்காட்டில் ஒரு கன்றும் அதனால் முளைத்திராது. கெட்டதைத் திருத்தும் உழைப்பே பரிகாரம்.

“காட்டை மீண்டும் உண்டாக்கலாமெனில், தோண்டுவதில் என்ன குற்றம்?” என்பர் சிலர். மருந்துண்டு என்று எவரேனும் நஞ்சருந்துவாரோ? சுரங்க இலாபம் விரைவில் சிலர் கைக்குச் சேர்ந்தது. வனம் தழைக்கவோ ஒரு தலைமுறை போதவில்லை. நட்டவருட் பலர் அதன் முழு நிழலைக் கண்டிலர்.

தோண்டியவர் மறைந்தனர், அவர் கடன் மறையவில்லை. ஈயம் வளர்த்த நகரத்தில், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் நாம் அந்த இலாபத்தின் வாரிசுகள். கடனுக்கு மட்டும் வேறு வாரிசைத் தேடுதல் நியாயமாகுமா?