எல்லா மலைக்கும் ஒரு பலகை

எங்கள் எதிர்வீட்டுப் பையன் கிரெனோபிளில் இருக்கிறான். காரைக்காலில் இது ஓர் அதிசயம் அல்ல. வெளியூர் வாசகர்களுக்காக இரண்டு வாக்கியம் சொல்லிவிடுகிறேன். 1954 வரையில் இந்த ஊர் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1962-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, 'நாங்கள் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருந்துவிடுகிறோம்' என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள் இங்கே உண்டு. பையனுடைய தாத்தா அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர். பட்டாளத்துப் பென்ஷன்காரர். 'சொல்தா வீடு' என்றால்தான் தெருவில் இன்னமும் தெரியும். அந்தச் சொல்தாவின் பேரன் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், 1968-ல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊரில், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போய்ப் பனியில் சறுக்குகிறான்.

மாங்கனித் திருவிழாவுக்கு வந்திருந்தான். ஆனி மாத வெயில். திண்ணையில் கால் வைக்க முடியவில்லை. அந்த வெயிலில் உட்கார்ந்துகொண்டு, வரப்போகிற குளிர்காலத்துக்கு எந்தப் பலகை வாங்கலாம் என்று படித்துக்கொண்டிருந்தான். பலகை என்றால், இரண்டு காலையும் குறுக்குவாட்டில் வைத்துப் பூட்டிக்கொண்டு பனிச்சரிவில் இறங்குகிற ஸ்னோபோர்டு.

"மாமா, நீங்கள் சொல்லுங்கள். இதை வாங்கட்டுமா?" என்றான்.

நான் பனிக்கட்டியைப் பார்த்தது ஐஸ் பெட்டியில்தான். ஆனாலும் அபிப்பிராயம் கேட்டால் இல்லை என்று சொல்லுகிற வழக்கம் எழுத்தாளர்களுக்குக் கிடையாது. "படி, கேட்கிறேன்" என்றேன்.

ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் வந்த பரீட்சை அது. 'எல்லா மலைக்குமான பலகை' என்று ஒரு ஜாதி இருக்கிறதாம். அதில் ஒன்றை மூன்று பேரிடம் கொடுத்து, மூன்று நாள் சறுக்க விட்டு, அவர்கள் சொன்னதை எழுதியிருந்தார்கள். பையன் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். கேட்கக் கேட்க எனக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது. நாம் பனி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அங்கே ராத்திரி விழுந்த பஞ்சு போன்ற பனி வேறு. இயந்திரம் ஓட்டிச் சமன்படுத்திய பனி வேறு. காலையில் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடப்பது வேறு. மத்தியான்ன வெயிலில் கூழாகிப் போவது வேறு. பஞ்சுப் பனியில் பலகையின் முனை மேலே தூக்கிக்கொண்டு மிதக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்குப் புதைந்து ஆள் குப்புற விழுவான். இறுகிய பனியில் மிதப்பு உதவாது. விளிம்பில் ஓடுகிற எஃகுத் தகடு கத்தி மாதிரி கடிக்க வேண்டும். அதற்குப் பலகையின் நடு வில்லைப்போல் சற்றே மேலே வளைந்திருந்து, ஆள் ஏறி நின்றதும் அமுங்கிக் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு உகந்த வளைவு மற்றதற்கு ஆகாது. எல்லா மலைக்குமான பலகையில் இரண்டையும் கலந்து, காலடியில் வில், முனையில் மிதப்பு என்று சமாதானம் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவும் பனியைப் பற்றி. ஆளைப் பற்றிய கணக்கு இன்னும் வேடிக்கை. கனத்த ஆளுக்கு நீளப் பலகை, லேசான ஆளுக்குக் குட்டை. பாதம் பெரிதாக இருந்தால் அகலப் பலகை வேண்டும். அகலம் போதாவிட்டால் திரும்புகிற சமயத்தில் கால் விரல் பனியில் உரசி ஆளைத் தள்ளிவிடும். கற்றுக்கொள்ளுகிறவனுக்கு வளைந்து கொடுக்கிற மெத்துப் பலகை. அவன் செய்கிற தப்பை அது மன்னித்துவிடும். வேகக்காரனுக்கு விறைப்புப் பலகை; அது தப்பை மன்னிக்காது, ஆனால் வேகத்தில் நடுங்காது.

பரீட்சை செய்த மூவரில் ஒருவர் ஆஜானுபாகு. பலகை கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது என்று அவர் எழுதியிருந்தார். மற்றொருவர் ஐம்பது கிலோ எடையுள்ள பெண்மணி. அவர் விறைப்பு என்று எழுதியிருந்தார். ஒரே பலகைதான்! மூன்றாமவர் நடுத்தர ஆசாமி. அவருக்கு அது உயிர். கடைசியில் பத்துக்கு எட்டு என்று ஒரு மதிப்பெண். நான் பையனைக் கணக்குப் போடச் சொன்னேன். இரண்டு பேர் ஒன்பது கொடுத்திருந்தார்கள், அந்தப் பெண்மணி ஆறு. கூட்டி மூன்றால் வகுத்தால் எட்டு. ஆனால், பாருங்கள், அந்த மூன்று பேரில் ஒருவருக்குமே அந்தப் பலகை எட்டு அல்ல.

இந்தப் பலகை பிறந்த கதையையும் பையன் சொன்னான். 1965-ல், கிறிஸ்துமஸ் அன்று, அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஷெர்மன் பாப்பன் என்கிறவர் தம் பெண்குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு சறுக்குக் கட்டைகளைச் சேர்த்து இணைத்துக் கொடுத்தாராம். அந்த விளையாட்டுதான் வளர்ந்து வளர்ந்து 1998-ல் ஜப்பானில் நாகானோ ஒலிம்பிக் வரையில் போயிற்று. 'இரண்டு கட்டையைச் சேர்த்து' என்று அவன் சொன்னவுடன் எனக்கு வேறொரு ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் பலகை விஷயத்தில் என் மனம் பற்றவில்லை. அவன் சொல்லிக்கொண்டிருந்தான், நான் கிளிஞ்சல்மேட்டில் இருந்தேன்.

மரத்தைக் கட்டி மிதக்க விட்டவர்கள் நம் கரையோரத்து ஜனங்கள். கட்டுமரம் என்ற வார்த்தையை ஐரோப்பாக்காரன் எடுத்துக்கொண்டு போய், சம்பந்தமே இல்லாத இரட்டைப் படகுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டான்; அது போகட்டும். நம் மீனவர்கள் கட்டுமரம் என்றுகூடச் சொல்லுவதில்லை, மரம் என்பார்கள். ஆணி கிடையாது. கட்டைகளைச் செதுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டுவதுதான். கரைக்கு வந்ததும் அவிழ்த்து, கட்டை கட்டையாக மணலில் உலர்த்துவார்கள். ஆளுக்கும் வலைக்கும் தகுந்தபடி கட்டையின் நீளமும் எண்ணிக்கையும் மாறும். ஒற்றை ஆள் போகிற மரம் உண்டு, நாலைந்து பேர் ஏறுகிற மரம் உண்டு. விடிவதற்கு முன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், கடல்காற்று எழும்பினதும் திரும்புவார்கள். நம் கரையில் அலை வரிசை வரிசையாக உடைகிறது. அந்த உடைப்பைத் தாண்டுவதுதான் கண்டம். மரத்தில் ஏறுகிற தண்ணீர் கட்டைகளின் இடுக்கு வழியே வடிந்துவிடும். மூழ்குவதற்கு அதில் உள் என்று ஒன்று இல்லை. கவிழ்ந்தாலும் புரட்டி மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

குறையும் சொல்ல வேண்டும். எப்போதும் ஈரத்தில் முழங்காலிட்டுத் துடுப்புப் போட வேண்டும். தூரம் போக முடியாது. போன இடத்தில் நிறைய மீன் கிடைத்தாலும் ஏற்றிவர இடம் கிடையாது. கட்டை நீர் குடித்துக் கனத்துப்போகும். சில வருஷங்களில் மாற்ற வேண்டும். ஃபைபர் படகு வந்தபோது இளைஞர்கள் அதை அள்ளிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. மோட்டாரைத் தட்டினால் ஓடுகிறது. ஒரு நாளில் போய் வருகிற தூரம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. வாடையோ சோழகமோ, காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. படகு நல்லதா, மரம் நல்லதா என்று என்னைக் கேட்டிருந்தால் 2005-ல் நான் யோசிக்காமல் படகு என்றுதான் சொல்லியிருப்பேன். சொன்னேன் என்பதுதான் விஷயம்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கடல் ஊருக்குள் வந்து போனதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றித்தான் சொல்லுகிறேன். உதவி வந்து குவிந்தது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, கதை எழுதிக்கொண்டு, வேறு வேலை இல்லாமல் இருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும். ஒரு நிவாரணச் சங்கம் (பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்) என்னைப் படிவம் நிரப்பக் கூப்பிட்டது. பெயர், வயது, குடும்ப அட்டை எண், இழந்தது என்ன. அதற்கு அடுத்த கட்டத்தில் 'வழங்கப்படுவது' என்பதன் கீழே ஏற்கெனவே அச்சடித்திருந்தது: நாலு குடும்பத்துக்கு ஒரு ஃபைபர் படகு, மோட்டாருடன்.

கிளிஞ்சல்மேட்டில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். தனியாளாக மரத்தில் போய்க்கொண்டிருந்தவர். மரமும் வலையும் போய்விட்டன.

"தம்பி, எனக்குப் படகு வேணாம். மரத்துக்குக் கட்டை வாங்கிக் குடுங்க, போதும்" என்றார்.

"ஐயா, மரம் என்ன விலை, படகு என்ன விலை? கொடுக்கிறதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றேன் நான்.

"அதுக்கில்லே தம்பி. நான் ஒண்டியா போறவன்."

"இனிமேல் நாலு பேராகப் போங்களேன், துணையாக இருக்கும்."

அவர் சிரித்தார். மரியாதைக்காகச் சிரித்தார் என்பது இப்போது தெரிகிறது. பெருவிரலில் மை தடவி வைத்துவிட்டுப் போனார்.

பத்துக்கு எட்டு! நாலு குடும்பத்தையும் கூட்டி வகுத்தால் அந்தப் படகு நல்ல படகுதான். மற்ற மூவரும் வாலிபர்கள். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள், அதை நான் மறைக்கவில்லை. படகு கரையை நெருங்கும்போது அலை உடைகிற இடத்தில் சட்டென்று குதித்துப் பிடிக்க வேண்டும். அறுபது வயசுக்கு மேல் அந்தக் குதி வராது. எண்ணெய்ச் செலவில் கால் பங்கு அவருடையது, மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். ஒண்டியாகப் போனபோது இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்து அவரே முடிவு செய்வார். படகில் அந்த முடிவு இளையவர்கள் கையில். ஒரு வருஷத்துக்குள் தம் பங்கை மற்றவர்களிடம் விட்டுக் கொடுத்துவிட்டு, பூவரச மரத்தடியில் கூலிக்கு வலை பொத்துகிறவராக ஆனார்.

நான் இதைப் பல முறை யோசித்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஆகிற ஒரு பொருள் என்று சொல்லுவதே மோசடி என்று ஒரு காலத்தில் எனக்குக் கோபம் வந்தது. அது சரியல்ல. எதிர்வீட்டுப் பையன் வருஷத்தில் பத்து நாள் மலைக்குப் போகிறவன். நாலு விதப் பனிக்கு நாலு பலகை வாங்க அவனிடம் பணமும் இல்லை, வைக்க இடமும் இல்லை. நாளைக்கு எந்தப் பனி விழும் என்று அவனுக்குத் தெரியாது. இன்னும் சொல்லப்போனால், தான் எந்த மாதிரி சறுக்குகிறவன் என்பதே இன்னும் அவனுக்குத் தெரியாது. அவனுக்கு எல்லா மலைக்குமான பலகைதான் தகும். எதிலும் முதல்தரமாக இராது, எதிலும் கைவிடாது. இறுகிய பனியில் கொஞ்சம் நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்குவது அவன் கால், விழுவதும் அவன்தான். நஷ்டத்தைத் தெரிந்து ஒப்புக்கொண்டு சமாதானத்தை வாங்குகிறான். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தமிழ் இலக்கணத்தில் நான்காம் வேற்றுமை என்று படித்திருப்பீர்கள். 'கு' என்கிற உருபு. நன்னூல்காரர் அதற்குச் சொல்லுகிற பொருள்களில் கொடையும் ஒன்று, தகவும் ஒன்று. இரவலர்க்குப் பொன் கொடுத்தான் என்றாலும் அதே 'கு'. இன்னாருக்கு இது தகும் என்றாலும் அதே 'கு'. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். கிளிஞ்சல்மேட்டில் ஒரு கு-வைப் போட்டேன், மற்றதைப் போடவில்லை. பெரியவருக்குக் கொடுத்தோம். பெரியவருக்குத் தகுமா என்பதை அவரே வாயைத் திறந்து சொன்ன பிறகும் கேட்கவில்லை. விலை அதிகமான பொருள் மேலான பொருள், மேலான பொருள் எல்லாருக்கும் மேலானது என்று இரண்டு தாண்டலில் முடித்துவிட்டேன். இதில் கெட்ட எண்ணம் எங்கேயும் இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுக்கிற இடத்தில் ஆளுக்கு ஆள் அளவெடுத்துக்கொண்டிருக்க முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியாதுதான். பசித்த கூட்டத்துக்குச் சோறு போடுகிறபோது யாருக்குப் புளி ஆகாது என்று விசாரிக்க முடியாது. ஆனால் சோறு ஒரு வேளை. தொழில் ஆயுசு முழுவதும். அதுவும் அங்கே பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒருவன் எதிரே உட்கார்ந்திருந்தான், பெரியவர் தம் தேவையைச் சொல்லவும் சொன்னார். அளவெடுக்க நேரம் இல்லை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

பையன் கடைசியில் அந்தப் பலகையைத்தான் வாங்கினான். மாசி மாதத்தில் ஒரு நாள் போனில் பேசினான். காலையில் இறுகிய பனியில் விளிம்பு சரியாகக் கடிக்கவில்லையாம், இரண்டு முறை விழுந்தானாம். மத்தியான்னம் கூழ்ப்பனியில் அற்புதமாக ஓடிற்றாம். "எனக்கு ஏழு மாமா" என்றான், சந்தோஷமாக. கூடவே, பெண்சாதியின் தங்கை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள், அவளுக்கு இதையே கொடுத்துவிட்டுத் தான் வேறு வாங்கலாமா என்று கேட்டான். அவள் எத்தனை கிலோ இருப்பாள், பாதம் என்ன அளவு என்று கேட்டேன். "அவளைக் கேட்டுச் சொல்லுகிறேன்" என்றான்.

அன்று சாயங்காலம் பழைய பெட்டியைக் கிளறினேன். படிவங்களை அப்போது கார்பன் வைத்து எழுதினோம். சில பிரதிகள் என்னிடமே தங்கிவிட்டன. பெரியவருடையதும் இருந்தது. வயது என்ற இடத்தில் 61. இழந்தது: கட்டுமரம் 1, வலை 2. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கீழே 'குறிப்பு' என்று போட்டு, மூன்று அங்குலத்துக்கு ஒரு கட்டம் விட்டிருக்கிறார்கள். அதில் நான் ஒன்றும் எழுதவில்லை.