எதிராளி இல்லாத கோர்ட்

டென்னிஸில் எதிராளியே தேவைப்படாத அடி ஒன்றுதான்: சர்வ். மற்ற எல்லாமே யாரோ அனுப்பிய பந்துக்கு நாம் சொல்லும் பதில். சர்வில் பந்து நம் கையில் இருக்கிறது. எப்போது தூக்கிப்போடுவது, எவ்வளவு உயரம், எந்த மூலைக்கு என்பதெல்லாம் நம் விருப்பம். தவறினால் பழிபோட ஆள் இல்லை. தனியாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நேர்மையான பாடம் கிடையாது.

*

தனிமைப் பயிற்சி புதிதல்ல. பிரான்ஸின் ரெனே லக்கோஸ்ட் 1920களிலேயே தன் பயிற்சிக்காகப் பந்தெறியும் இயந்திரம் ஒன்றை உருவாக்கிக்கொண்டார். சுவரில் அடித்துப் பழகுகிறவர்களும் உண்டு. சுவர் நாம் அடித்த பந்தைத் திருப்பித் தரும். இயந்திரம் புதுப் பந்தைத் தரும். இரண்டும் நாம் அடிப்பதைப் பார்ப்பதில்லை. இப்போது வேலிக்கம்பியில் மாட்டிய செல்போன் பார்க்கிறது. புதிதாக வந்திருப்பது அது ஒன்றுதான்.

*

எப்படிப் பார்க்கிறது? ஸ்விங்விஷன் போன்ற செயலிகளுக்கு முதல் பிடிமானம் கோர்ட்டின் வெள்ளைக் கோடுகள். நீளம் 23.77 மீட்டர், ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 8.23 மீட்டர், எந்த ஊருக்குப் போனாலும் இதே அளவு. அளவு தெரிந்திருப்பதால், சாய்ந்து தெரியும் படத்தைக் கணக்கால் தட்டையாக்கி, பந்து விழுந்த இடத்தைக் குறித்துவிட முடிகிறது. ஆளின் உடலையும் இப்படிப் படிக்கும் நிரல்கள் உண்டு. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் எல்லாம் அவற்றுக்குப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் படத்துக்குப் படம் எங்கே நகர்கின்றன என்பதே அவை அறிந்த சர்வ்.

*

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் போகும் பந்து ஒரு நொடியில் ஏறக்குறைய 42 மீட்டர் கடக்கும். நொடிக்கு 60 படம் எடுக்கும் கேமராவில், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பந்து 70 செ.மீ. தாண்டியிருக்கும். தரையைத் தொட்ட அந்தக் கணம் பெரும்பாலும் எந்தப் படத்திலும் இருக்காது. முன்னும் பின்னும் உள்ள பாதையை வைத்து ‘இங்கேதான் பட்டிருக்க வேண்டும்’ என்று செயலி முடிவு செய்கிறது. கோட்டை உரசிய பந்தைப் பற்றி அது சொல்வது ஓர் ஊகம். நல்ல ஊகம், அவ்வளவே.

பல கேமராக்கள் சூழ்ந்த விம்பிள்டனிலும், கோட்டு நடுவர்களை முழுதாக விலக்கிய 2025ஆம் ஆண்டிலேயே, ஓர் ஆட்டத்தில் கோர்ட்டின் ஒரு பகுதியில் பந்தைக் கண்காணிக்கும் கருவி தவறுதலாக அணைக்கப்பட்டிருந்தது. வெளியே போன பந்துக்குக் குரல் எழவில்லை. அந்தப் புள்ளியை மறுபடி ஆடினார்கள்.

*

டிமோதி கால்வே 1974இல் ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ எழுதினார். பந்து தரையில் படும்போது ‘பவுன்ஸ்’, ராக்கெட்டில் படும்போது ‘ஹிட்’ என்று சொல்லிக்கொண்டே ஆடச் சொன்னார். மனதுக்கு அந்தச் சின்ன வேலையைக் கொடுத்துவிட்டால், அது உடம்பை அதட்டுவதை நிறுத்திவிடும். நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் நடப்பதைப் பார்ப்பதே அவருடைய பாடம்.

செயலி வரையும் வரைபடத்திலும் அந்தக் குணம் இருக்கிறது. ‘சே, மறுபடியும் நெட்’ என்று அது சொல்லாது. ஒரு புள்ளி வைக்கும். ஆனால் வரைபடத்துக்குப் பக்கத்திலேயே சதவீதமும் நேற்றைய கணக்கோடு ஒப்பீடும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதட்டும் குரல் அந்த வழியாகத் திரும்பி வருகிறது.

*

சர்வ் நெட்டில் விழுந்துகொண்டே இருக்கும் நாளில் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் சில சமயம் காரணம் ராக்கெட்டில் இருக்காது. டாஸுக்காகப் பந்தைத் தூக்கிப்போட்ட கை சீக்கிரமே இறங்கிவிடும். கூடவே தோள் சாயும், தலை குனியும், பந்து தாழ்ந்த பிறகே ராக்கெட் அதைச் சந்திக்கும். அடித்தவரைக் கேட்டால் கை மேலேதான் இருந்தது என்பார். பொய்யல்ல, உடம்பு அப்படித்தான் உணர்ந்தது. உணர்ந்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இந்த இடைவெளியைக் காட்டுவதுதான் கேமராவின் பெரிய உபகாரம்.

*

அதனால் ஒரு வழக்கம் நல்லது. அடித்ததும் திரையைப் பார்க்காமல், பந்து எங்கே விழுந்தது, டாஸ் எப்படி இருந்தது என்று முதலில் நாமே சொல்லிக்கொள்வது. செயலி சொல்வதைப் பிறகு கேட்பது. ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் விடை கிடைத்தால் பயிற்சியில் முன்னேற்றம் தெரியும், விடை நின்றதும் அது நழுவிவிடலாம் என்ற கருத்தை சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் 1984இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார்கள். ஆட்டத்தன்று வேலியில் செல்போன் இருக்காது. அன்றைக்கு வேண்டியது, அதோடு ஒப்பிட்டுத் தீட்டிக்கொண்ட நம் உணர்வு.

*

நல்ல கோச் பத்துக் குறை கண்டாலும் ஒன்றைத்தான் சொல்வார். செயலிக்கு அந்தப் பொறுமை இல்லை. பத்தையும் ஒரே பக்கத்தில் அடுக்கிவிடும். எதை விட்டுவிடுவது என்ற முடிவு நம்முடையது.

*

சித்திரை வெயிலில் வேலியில் மாட்டிய செல்போன் சூடேறிப் பதிவை நிறுத்திக்கொள்ளும். தோளுக்குத் தானாக நின்றுகொள்ளும் அப்படியொரு ஏற்பாடு இல்லை. எத்தனை சர்வ் என்று எண்ணுவதைச் செயலியிடம் விடலாம். போதும் என்று சொல்வதை அதனிடம் விடக்கூடாது.

*

தனியாகப் பழகுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோர்ட்டுக்குள் போகும்முன் ஒரே ஒரு கேள்வியை முடிவு செய்துகொள்ளுங்கள்: இன்று டாஸ், அல்லது இன்று இரண்டாவது சர்வின் ஆழம். பந்துக் கூடை காலியாகும்வரை செல்போனைத் தொடாதீர்கள். பிறகு அந்தக் கேள்விக்கான விடையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவையுங்கள்.