எண்ணாமல் விட்ட கட்சி

2009 செப்டம்பரில் ஜெர்மனியில் நாடாளுமன்றத் தேர்தல். அதற்கு முந்தைய சில வாரங்களில் ட்விட்டரில் கட்சிகளைப் பற்றி வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரட்டினார்கள். எந்தக் கட்சியின் பெயர் எத்தனை தடவை அடிபட்டது என்று கணினி எண்ணியது. அந்தக் கணக்கும் வாக்குக் கணக்கும் ஏறத்தாழ ஒத்துப்போயின. 2010இல் ஆய்வு வெளியானதும், கருத்துக்கணிப்புக்காரர்கள் இனிமேல் வேறு பிழைப்பு பார்க்கலாம் என்று பலருக்குத் தோன்றிவிட்டது.

ஆந்திரேயாஸ் யுங்ஹெர் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் எழுதிய மறுப்பு, பைரேட் கட்சி எங்கே போயிற்று என்று கேட்டது. முதல் ஆய்வு நாடாளுமன்றத்தில் ஏற்கெனவே இருந்த கட்சிகளை மட்டுமே எண்ணியிருந்தது. இணையத் தடைச் சட்டத்தை எதிர்த்து இளைஞர்களிடம் பேரெடுத்த அந்தச் சின்னக் கட்சியையும் சேர்த்தால், ட்விட்டரில் அதற்குத்தான் முதலிடம். கணினியின் கணக்குப்படி ஆட்சியில் அமர வேண்டியவர்கள் அவர்கள். வாக்குப்பெட்டியில் கிடைத்ததோ 2 விழுக்காடு, ஓரிடம்கூட இல்லை. எண்ணும் நாள்களைக் கொஞ்சம் முன்பின் நகர்த்தினாலும் விடை மாறியது.

கணினியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. எதை எண்ண வேண்டாம் என்று மனிதர் எடுத்த முடிவு, கோயில் வாசலில் கழற்றிவிட்ட செருப்பைப் போல வெளியிலேயே கிடந்தது.

முதல் ஆய்வு பதிவுகளில் இருந்த உணர்வுகளையும் அளந்தது; அளந்த விதம் இன்னும் விசித்திரம். ஜெர்மன் பதிவுகளை இயந்திரத்தைக் கொண்டே ஆங்கிலமாக்கி, ஆங்கிலச் சொற்பட்டியலால் நிறுத்தார்கள். வேட்பாளரைப் பார்த்து எரிச்சலோடு 'பிரமாதம்' என்று எழுதியவரையும் அப்படிப்பட்ட தராசு மகிழ்ச்சித் தட்டில்தான் வைக்கும். எழுதியவர்களில் நூற்றுக்கு நான்கு பேரே நாற்பது விழுக்காட்டுக்கும் மேலான பதிவுகளைப் போட்டவர்கள். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. மேற்கோள் காட்டியவர்கள்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலும். ஒரு வரியும் எழுதாமல் போய் வாக்களித்துவிட்டு வீடு திரும்பிய கோடிக்கணக்கானோருக்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது.

ஆனாலும் அந்தப் பிழையில் ஒரு நேர்மை இருந்தது. பதிவுகளை வெளியார் எவராலும் திரட்ட முடிந்ததால்தான் விடுபட்ட கட்சி கண்ணில் பட்டது. பதிவுகளைத் திரட்ட ஆய்வாளர்களுக்கிருந்த இலவச வழியை 2023இல் ட்விட்டர் அடைத்தது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, பொதுப் பதிவுகளைக் கண்காணிக்க உதவிய தன் க்ரவுட்டாங்கிள் கருவியை 2024 ஆகஸ்டில் மூடியது. எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. எந்தப் பேச்சை யார் கண்ணில் காட்டலாம் என்று நிறுவனங்கள் உள்ளே எண்ணிக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே யார் விடுபட்டார்கள் என்று கேட்க நினைப்பவர் முதலில் தரவு கேட்டு விண்ணப்பம் போட வேண்டும்.