முழங்கால் உயரம்

அப்பத்தா முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே ஒரு படம் எடுத்தேன். அதில் நரைத்த உச்சந்தலை, முறம், இரண்டு கைகள். முகம் இல்லை. சுற்றிலும் சிமென்ட் தரை. அப்பாவைப் பெற்றவளை இவ்வளவு சிறுக்க வைத்துவிட்டோமே என்று ராத்திரி முழுக்க உறுத்தியது.

மறுநாள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நேற்றுத் தரை இருந்த இடத்தில் இன்று நிலைக்கதவு, அதற்கு அப்பால் அடுக்களை இருட்டு. காம்பின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் இலையை உருவும் அந்தக் கட்டைவிரல், ஓரத்தில் பச்சை ஏறிய நகம். "கால் மரத்துப் போகும்டா, பலகை எடுத்துப் போட்டுக்கோ" என்றாள். அப்போது நிமிர்ந்த முகம்தான் படம்.

கோணம் மாறினால் முகம் மட்டுமா மாறுகிறது? முகத்துக்குப் பின்னால் எது வந்து நிற்கும் என்பதும் மாறிவிடுகிறது. இது எனக்குப் புரியவே பல வருடம் ஆயிற்று.

✽

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் கீழே கேமரா. பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ்தான். வயதான அப்பாவும் அம்மாவும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவர்களுக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அந்த உயரம் அந்நியமே இல்லை.

✽

பழைய யாஷிகா கேமரா, இரட்டை லென்ஸ். வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலை குனிந்து, மேலே உள்ள கண்ணாடியில் பார்க்க வேண்டும். இடது வலது மாறித் தெரியும். நகர்த்த நினைத்த பக்கம் நகராது. அதனாலேயே அவசரப்பட முடியாது. எதிரே இருப்பவருக்கும் தன்னை யாரோ குறிபார்க்கிற உணர்வு வருவதில்லை. எடுப்பவன் குனிந்துதானே நிற்கிறான்!

✽

தஞ்சைப் பெரிய கோயில். 216 அடி விமானம். அருகில் போய் அகல லென்ஸை அண்ணாந்து பிடித்தேன். விமானம் பின்பக்கம் சாய்ந்துவிட்டது. கேமரா சாய்ந்தால் நேர்கோடுகள் மேலே போகப் போக நெருங்கும். பிரமிப்பு வேண்டுமென்றால் அதுவும் சரிதான். ஆனால் ஆயிரம் வருடமாக நேராக நிற்கும் கட்டடம் அது. நந்தி மண்டபத்தையும் தாண்டிப் பின்னால் நடந்தேன், கேமராவைச் சாய்க்காமல் பிடிக்கிற தூரம் வரை. கால் சுட்டது.

✽

மாமல்லபுரம், அர்ச்சுனன் தபசு சிற்பம். பாறை கிழக்கு பார்த்தது, அதனால் காலையிலேயே போய்விட்டேன். எல்லோரையும் போல யானைகளை எடுத்தேன். கீழே, யானைக்குப் பக்கத்தில், முன்னங்கால்களை மேலே தூக்கித் தவம் செய்யும் பூனை. அதற்காக முழங்கால் போட்டேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது கோண மாற்றம் கொஞ்சம்தான். பாறையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஆனால் இத்தனை தடவை வந்தும் நின்று பார்த்தபோது கண்ணில் படாத எலிகள் இப்போது தெரிந்தன.

பக்கத்தில் நாலைந்து வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் நின்ற உயரமும் நான் மண்டியிட்ட உயரமும் ஒன்று. விரலை நீட்டி எலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.