ஒருமுறை போதும், கண்ணே!



நம் பிள்ளைகளுள் ஒருவகைப் பிள்ளை உண்டு. வீட்டுப்பாடம் எழுத உட்காரும். ஒரு வரி எழுதும், எழுத்துச் சாய்ந்துவிட்டதென்று ரப்பரால் அழிக்கும், மறுபடி எழுதும், மறுபடி அழிக்கும். முடிவில் தாள் கிழியும், கண்ணீர் வழியும். ஒரு சொல்லை விட்டுவிட்டோமோ என்று அதே பத்தியை ஏழெட்டுத் தரம் வாசிக்கும். பரீட்சையில் விடை தெரிந்திருந்தும், இரண்டு கேள்வி முடியுமுன் மணி அடித்துவிடும். “அம்மா, சரியாய் எழுதியிருக்கிறேனா?” என்று ஓயாமல் கேட்கும். செபத்தில் பராக்கு வந்துவிட்டதென்று அருள்நிறை மந்திரத்தை மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

ஆசிரியர் சோம்பல் என்கிறார். தகப்பனார் பிடிவாதம் என்று பிரம்பை எடுக்கிறார். பாட்டி செய்வினை என்கிறாள். வேறு சிலரோ, எவ்வளவு பக்தியுள்ள பிள்ளை என்று மெச்சுகிறார்கள். பிரியமானவர்களே, இந்நால்வர் சொல்வதும் பிசகு. பிள்ளையின் நேரத்தை விழுங்கி, மனத்தை வதைத்து, படிப்பைத் தடுக்குமளவுக்கு இது முற்றினால், இது ஒரு நோயாகும். எண்ணச் சுழற்சி நோய் அல்லது ஓ.சி.டி. என்று மருத்துவர்கள் இதை அழைக்கிறார்கள். இது பாவமன்று, உங்கள் வளர்ப்பின் குற்றமுமன்று.

திருச்சபை இத்துன்பத்தை நெடுங்காலமாய் அறிந்திருக்கிறது. பாவமல்லாததைப் பாவமென்று அஞ்சும் வீண் சமுசயத்துக்கு இலத்தீனில் வழங்கும் பெயர், கூரிய சிறு கல் என்று பொருள்படும். மிதியடிக்குள் புகுந்த கல் சிறியதுதான். ஆனால் நடக்க விடாது. அர்ச். இஞ்ஞாசியார் 1522-ம் வருஷம் மன்ரேசா ஊரில் இத்தகைய வேதனையால் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளச் சோதிக்கப்பட்டார். முன்பு சொல்லி முடித்த பாவங்களை இனி ஒருபோதும் திரும்பச் சொல்வதில்லை என்று தீர்மானித்தபோதுதான் விடுதலை கண்டார்.

அர்ச். குழந்தை தெரேசம்மாளை நினையுங்கள். 1885-ம் வருஷம் மே மாதம், பன்னிரண்டு வயதில், திவ்விய நற்கருணைக்கு ஆயத்தமாகச் செய்த தியானத்தில் இந்தச் சமுசயம் அவளைப் பற்றியது. ஏறக்குறைய ஒன்றரை வருஷம் வாட்டியது. அதனிடையே உடல்நலமுங் குன்றி, பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, தனி ஆசிரியையிடம் பாடங் கேட்க நேர்ந்தது. அவளுடைய அக்காள் மரியாள் அவளை ஏளனஞ் செய்யவில்லை. பொறுமையாய்க் கேட்டு, பாவசங்கீர்த்தனத்தில் இன்னதைச் சொல், இன்னதை விடு என்று வரையறுத்தாள். தெரேசம்மாள் கீழ்ப்படிந்தாள். அக்காள் கார்மேல் மடம் சென்றபின், சிறுவயதிலேயே மோட்சஞ் சேர்ந்த தன் உடன்பிறப்புகள் நால்வரை மன்றாடி, சமாதானம் அடைந்தாள். அந்தச் சிறுமியைத்தான் திருச்சபை 1997-ல் வேதபாரகராய் உயர்த்தியது.

அந்த அக்காளிடமிருந்து பெற்றோர் கற்கவேண்டிய பாடம் என்ன? அன்பும் வேண்டும், அளவும் வேண்டும். சிரங்கைச் சொறிந்தால் சற்று நேரம் சுகம்; பிறகு புண் பெரிதாகும். அதுபோலவே, அழித்து எழுதும்போது பிள்ளையின் பயம் கொஞ்சம் தணிகிறது; அடுத்த நாழிகையில் இரட்டிப்பாய் வருகிறது. நீங்கள் இரக்கப்பட்டு இருபது தரம் “சரிதான், சரிதான்” என்று சொல்வதும் அந்தச் சொறிதலே. ஆகையால் ஒருமுறை அன்பாய்ப் பதில் சொல்லுங்கள். மறுபடி கேட்டால், “கண்ணே, இது உன் பயம் கேட்கிற கேள்வி, ஒருமுறை போதும். நான் பக்கத்திலேயே இருக்கிறேன்” என்று சொல்லுங்கள். பிள்ளை தவிக்கும், உங்கள் வயிறும் கலங்கும். ஆனால் பொறுத்திருந்தால் அந்தப் பயம் அலைபோல் உயர்ந்து, தானே தாழும்.

இதைத் திடீரென்று செய்யாதீர்கள்; ரப்பரைப் பிடுங்கி எறியாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அஞ்சுகிறதைச் சிறிது சிறிதாய் எதிர்கொண்டு, திரும்பச் செய்யாமல் இருக்க அவர்கள் பிள்ளையைப் பழக்குவார்கள். தேவையானால் மருந்தும் கொடுப்பார்கள். இதற்கு வெட்கம் ஏன்? மருத்துவனையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக் ஆகமம் 38-ம் அதிகாரம் போதிக்கிறதே. எங்கே போவதென்று தெரியாதவர்கள் அரசாங்கத்தின் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

ஆசிரியரிடமும் நோயை விளக்கிச் சொல்லுங்கள். பிழையை ஒரு கோடிட்டு அடித்துவிட்டு மேலே எழுத அனுமதிக்கும்படியும், எழுத்தின் அழகுக்காக மறுபடி எழுதச் சொல்லாதிருக்கும்படியும் கேளுங்கள். பிழையோடு முடித்த பக்கத்தை வீட்டில் பாராட்டுங்கள். இப்பிள்ளைக்கு அதுவே பெரிய வெற்றி. பாவசங்கீர்த்தனத்துக்கு எப்போதும் ஒரே குருவானவரிடம் அனுப்புங்கள். ஒருமுறை பெற்ற மன்னிப்பு மன்னிப்புத்தான். அதைத் திரும்பத் திரும்பக் கேட்பது தாழ்ச்சியன்று, நம்பிக்கையில் நேர்ந்த காயம்.

பலவற்றைப்பற்றிக் கலங்கிய மார்த்தாளை நம் ஆண்டவர் கடிந்து விரட்டவில்லை. பெயர் சொல்லி இருமுறை அழைத்து, தேவையானது ஒன்றே என்று தேற்றினார். அவருடைய குரலின் சாந்தம் நம் வீடுகளிலும் கேட்கட்டும். நம் பிள்ளைகள் குறையற்ற நோட்டுப் புத்தகத்தால் அல்ல, பரம பிதாவின் இரக்கத்தாலேயே நேசிக்கப்படுகிறார்கள். இன்றிரவு குடும்பச் செபத்தின்போது அப்பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, இதை அதன் காதில் சொல்லுங்கள்.

தேவமாதாவும் குழந்தை தெரேசம்மாளும் நம் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்வார்களாக. ஆமென்.